பிற்பகலில் பார்க்க வேண்டிய கடல்

1

இது முதலில் கதையாக இல்லை. ஒரு பக்கத் தாளாக இருந்தது. தலைப்பு, 'தரங்கம்பாடி: பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை'. அதில் நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன்: வரிசை எண், என்ன, எப்படி, ஏன். கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. 'சரிபார்த்தவர்' என்ற இடம் காலி. ஆலையில் அந்த இடம் காலியாக இருந்தால் தாள் செல்லாது. இது ஆலைத் தாள் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ரப்பர் வளையம் செய்யும் ஒரு சிறிய ஆலையில் நான் தர ஆவணங்கள் எழுதுகிறவன். ஒவ்வொரு இயந்திரத்துக்குப் பக்கத்திலும் ஒரு தாள் தொங்கும். இதைத் திருகு, இவ்வளவு நேரம் காத்திரு, இதற்கு மேல் சூடு போனால் நிறுத்து. அந்தத் தாள்கள் நான் எழுதியவை. மற்ற ஆலைகளின் தாளில் 'எப்படி' வரைக்கும்தான் இருக்கும். 'ஏன்' என்ற கட்டத்தை நான் சேர்த்தேன். காரணம் தெரிந்தவர் தவறு செய்ய மாட்டார் என்று இருபது வருடமாக நம்பி வந்தேன்.

நாலைந்து கதைகளும் எழுதியிருக்கிறேன். பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அவற்றிலும் நான் எதையாவது விளக்கிக்கொண்டேதான் இருப்பேன் என்று நண்பர்கள் சொல்வார்கள். இதிலும் அது நடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் பொறுக்க முடியாத குணம் என்பது எட்டாம் பகுதியில் தெரியவரும்.

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: 'அலைகள் ஆர்ப்பரித்த அந்த அதிகாலையில் நாராயணம்மா கரையில் நின்று...' விட்டுவிட்டேன். அந்த அதிகாலையில் நான் அங்கே இல்லை. அலைகள் ஆர்ப்பரித்தனவா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது: 'நாற்பத்திரண்டு வயதான நாராயணம்மாவுக்கு, விழித்திரையின் ஓரத்திலிருந்து தொடங்கும் ஒரு நோய்...' இது மருத்துவச் சீட்டு.

மூன்றாவது சரியாக வரும் என்று தோன்றுகிறது. ஒரு காலண்டரிலிருந்து தொடங்கலாம்.

எங்கள் ஆலையில் வளையங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கும் அறை ஒன்று உண்டு. ஆறு பெண்கள், ஆறு மேசைகள், ஆறு விளக்குகள். அச்சிலிருந்து வரும் வளையத்தின் விளிம்பில் சில சமயம் மெல்லிய தோல்போல ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிசிறு என்று பெயர். பிசிறு உள்ள வளையம் பிரேக் எண்ணெயைக் கசியவிடும். ஆகவே ஒவ்வொரு வளையத்தையும் விரலில் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஒருவர் நாலாயிரம் வளையம் பார்ப்பார். நாராயணம்மா நாலாயிரத்து ஐந்நூறு.

கிட்டத்தில் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்குள் இருக்கும் தசை இறுகிப்போகும். அதைத் தளர்த்தத் தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும். ஆகவே நான் எழுதிய தாளில் ஒரு விதி உண்டு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது நொடி பார்க்கவும். மணி அடிக்கும். எல்லோரும் தலை நிமிர்வார்கள்.

இருபது அடிக்கு அப்பால் வெறும் சுவர்தான் இருந்தது. வெறும் சுவரைப் பார்க்கச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். ரப்பர் கலவை விற்கும் ஒரு கம்பெனி அந்த வருடம் காலண்டர் கொடுத்திருந்தது. ஜனவரிப் பக்கத்தில் தரங்கம்பாடிக் கோட்டை. அதற்கு முன்னால் மணல். மணலுக்கு அப்பால் நீலமாக, பக்கத்தின் பாதிக்கு, கடல். அதை நானே ஆணி அடித்து மாட்டினேன். பிப்ரவரி வந்தபோது யாரோ பக்கத்தைத் திருப்பப் போக, நாராயணம்மா சத்தம் போட்டு நிறுத்தியிருக்கிறார். ஆறு வருடமாக எங்கள் ஆய்வு அறையில் ஜனவரிதான்.

[கணக்கு: ஒரு ஷிப்டில் இருபத்தொரு முறை மணி அடிக்கும். ஏழு நிமிடம். வருடத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு வேலை நாள். ஆறு வருடம். நாராயணம்மா அந்தக் கடலை இருநூறு மணி நேரம் பார்த்திருக்கிறார். இரவு பகல் சேர்த்து எட்டு நாள். வேறு கடல் எதையும் அவர் பார்த்ததில்லை.]

3

ஒரு நாள் நாராயணம்மா தள்ளுவண்டியில் மோதி விழுந்தார். வண்டி பெரியது, மஞ்சள் நிறம், பக்கவாட்டிலிருந்து மெதுவாகத்தான் வந்தது. "கண்ண எங்கம்மா வெச்சிகினு வர?" என்று வண்டி தள்ளியவர் கத்தினார்.

நாராயணம்மாவும் கணவர் கங்கப்பனும் பெங்களூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனார்கள். கன்னடம் பேசும் டாக்டர் அவர் தலைக்குப் பக்கத்தில் விரலை ஆட்டி, "காணிசுத்தாம்மா? காணிசுத்தா?" என்று, விரல் தெரிகிறதா என்று, கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். விரல் மூக்குக்கு நேரே வரும்வரை நாராயணம்மாவுக்குத் தெரியவில்லை.

பார்வை ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டே நடுவுக்கு வரும் நோய் அது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். குழாய் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போகும். வெளிச்சம் அதிகமானால் கூசும். கூசியபின் மீண்டு வர நெடுநேரம் ஆகும். மருந்து இல்லை. இன்னும் ஒரு வருடம் தாங்கலாம், இரண்டும் தாங்கலாம் என்றார் டாக்டர்.

ஆய்வுப் பெண்களுக்கு வருடா வருடம் கண் பரிசோதனை நடத்துகிறோம். சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும், நிறப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் பார்வையின் நடுப்பகுதியைச் சோதிப்பவை. வளையம் சிறியது, குழாய்க்குள் அடங்கிவிடும். ஓரத்தை யாரும் சோதிப்பதில்லை. 'தகுதி' என்று ஒவ்வொரு வருடமும் நாராயணம்மாவின் பெயருக்கு நேரே எழுதிக் கோப்பில் வைத்தது நான்தான்.

4

நாராயணம்மா கேன்டீனில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், அந்தக் காலண்டர்ல இருக்கற ஊரு எங்க இருக்குது?"

"தரங்கம்பாடியா? மாயவரம் பக்கம்."

"பஸ்ஸு போவுதா?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுஜாதா, அடுத்த மேசை ஆய்வாளர், திரும்பினாள். "அங்க போயி என்னாக்கா பண்ணப் போற? கடல்லயும் பிசிறு இருக்குதான்னு பாக்கப் போறியா?"

"ஆமாண்டி. பிசிறு இருந்தா திருப்பி அனுப்பிட்டு வரேன்."

சிரித்தார்கள். பிறகு நாராயணம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "கண்ணு இருக்கறப்பவே ஒரு தபா நெஜத்துல பாத்துட்றேன் சார். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா அப்பிடியே போயிட்டு வந்துடுவோம். எனக்கும் அவருக்கும் ஒண்ணும் தெரியாது."

நான் தரங்கம்பாடிக்குப் போனதில்லை. அது எனக்குத் தடையாகத் தோன்றவில்லை. நான் ஓட்டத் தெரியாத இயந்திரங்களுக்கும் தாள் எழுதியிருக்கிறேன். இரண்டு வாரம் இணையத்தில் படித்தேன். இவ்வளவு ஆசையாக எந்தத் தாளையும் எழுதியதில்லை. சில வரிகளைத் தருகிறேன்.

'1. சூரிய உதயம். எப்படி: காலை 6.15-க்குள் கோட்டைக்கு முன்னால் மணலில் கிழக்கு நோக்கி நிற்கவும். ஏன்: கிழக்குக் கடற்கரையில் சூரியன் நீரிலிருந்தே எழும். இந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது.'

'3. கோட்டையின் மேல்தளம். எப்படி: காலை 10 மணிக்குக் கதவு திறக்கும். மேலே ஏறி வடக்கே திரும்பவும். கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில் தெரியும். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஏன்: அலை கல்லை எடுப்பதில்லை. கல்லுக்கு அடியில் இருக்கும் மணலைத்தான் எடுக்கும். அடி காலியானதும் கல் தானாக விழும்.'

'5. பழைய அச்சகத்தின் கதை. எப்படி: ராஜ வீதியில் நடந்துகொண்டே, கங்கப்பன் இதைப் படித்துக்காட்டவும். முந்நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து தமிழ் ஈய எழுத்துகள் கப்பலில் வந்தன. ஏன் முக்கியம்: அவை அளவில் பெரியவை. ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கின, காகிதம் போதவில்லை. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள்.'

'8. புறப்பாடு. பிற்பகல் 3 மணி. ஏன்: மாயவரத்தில் மாலை ஓசூர் பஸ்ஸைப் பிடித்தால்தான் மறுநாள் காலை 6 மணி ஷிப்டுக்கு வர முடியும்.'

எங்கள் ஆலைக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. எல்லா ஆலையும் ஒரே நாளில் ஓடினால் மின்சாரம் தாங்காது என்று ஒரு காலத்தில் பகுதிக்கு ஒரு நாளாகப் பிரித்து வைத்தார்கள். மின்சாரம் சீரான பிறகும் எங்களுக்கு அது அப்படியே தங்கிவிட்டது. கல்யாணம், கருமாதி, கறிச்சோறு எல்லாம் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தேன். நேரம் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். கிழமையைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

5

நாராயணம்மாவின் கணவர் கங்கப்பனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆளைப் பற்றி அல்ல, பாத்திரத்தைப் பற்றி. கதைக்கு ஒரு இடைஞ்சல் வேண்டுமே என்று முதல் படியில் அவரைக் குடிகாரர் ஆக்கினேன். 'பயணத்தை அவர் எதிர்த்தார். ஒரு மாலை தள்ளாடியபடி வந்து தாளைக் கிழித்து...'

உண்மையான கங்கப்பன் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில், பழ சீசன் முழுக்கக் கொதிகலன் பார்ப்பவர். டீயைத் தவிர எதையும் தொடுவதில்லை. நான் எழுதிய தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர்.

ஆகவே இந்தக் கதையில் இடைஞ்சல் செய்கிறவர் அவர் இல்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

6

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாராயணம்மா மேசையில் இருந்தார். கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் தூங்கியிருக்க மாட்டார் என்று நினைத்தேன். டீ இடைவேளையில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்பிடிக்கா இருந்துச்சு?"

"சூரியன் தண்ணிலேருந்தே வருதுடி. மலைலேருந்து இல்ல, தண்ணிலேருந்து."

"கோட்டைக்குள்ள போனீங்களா?"

"போவாம? மேல ஏறி வடக்கால திரும்புனா கோயிலு தெரியுது. முன்னாடி பாதி காணோம். கடல் எடுத்துகிச்சு. ஆனா அல கல்ல எடுக்காதுடி. கல்லுக்கு அடில இருக்கற மணலத்தான் எடுக்கும். அடி காலியானா கல்லு தானா உழுந்துடும்."

"அய்ய, டீச்சரு!" என்றாள் சுஜாதா.

நான் அடுத்த மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. இருபது வருடத்தில் 'ஏன்' கட்டத்தைப் படித்து, புரிந்துகொண்டு, இன்னொருவருக்குச் சொல்லும் ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன். இதைக் கதையாக எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். பார்வை போகுமுன் கடலைப் பார்த்துவிட்ட ஒரு பெண்ணின் கதை. மகிழ்ச்சியான கதை. அதன் கடைசி வரியைக்கூட எழுதி வைத்திருந்தேன். இங்கே தரமாட்டேன்.

பங்குனியில் நாராயணம்மா வேலையை விட்டு நின்றார். வளையமும் குழாய்க்குள் அடங்காத காலம் வந்துவிட்டது. சிங்காரப்பேட்டையில் அவர் பிறந்த வீட்டுப் பக்கமே குடிபோனார்கள்.

7

ஆகஸ்டில் நான் தரங்கம்பாடிக்குப் போனேன். மகிழ்ச்சியான கதைக்கு விவரம் சேகரிக்க. மணல் என்ன நிறம், காற்றில் என்ன வாசம், அந்த மாதிரி. என் விடுமுறை நாளில்தானே போக முடியும்? வெள்ளிக்கிழமை.

என் தாளையே கையில் வைத்துக்கொண்டு வரிசைப்படி பார்ப்பது என்று போனேன். வரிசை ஒன்று. கிழக்கு நோக்கி நின்றேன். சூரியன் எழுந்தது. சற்று நேரத்தில் அதன் கீழே நீரில் ஒரு வெள்ளைப் பாதை கொதிக்கத் தொடங்கியது. கண்ணில் நீர் வழிந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழகுதான் என்று குறிப்பேட்டில் எழுதினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வரிசை மூன்று. பத்து மணிக்குக் கோட்டைக் கதவு திறக்கவில்லை. பத்தரைக்கும் திறக்கவில்லை. எதிரே வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "வெள்ளிக்கெழம தொறக்க மாட்டாங்க தம்பி. லீவு."

"இன்னிக்கு மட்டுமா?"

"நான் கடை போட்ட நாள்லேந்து வெள்ளிக்கெழம லீவுதான். வாசல்லயே எழுதிருக்கே, படிக்கத் தெரியும்ல?"

எழுதியிருந்தது. படித்தேன்.

நாராயணம்மாவும் கங்கப்பனும் வந்ததும் வெள்ளிக்கிழமை. அவர்கள் மேல்தளத்தில் ஏறவில்லை. வடக்கே திரும்பவில்லை. மேலிருந்து கோயிலைப் பார்க்கவில்லை. கேன்டீனில் நான் கேட்டுக் குளிர்ந்தது என் தாளைத்தான். ஒரு சொல் மாறாமல் எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் வரிசை ஒன்று?

மூன்று மணிக்குப் புறப்படச் சொல்லியிருந்தது தாள். நான் புறப்படவில்லை. அலையைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்களில் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி வாக்கில் கோட்டையின் நிழல் என் முதுகைக் கடந்து மணலில் கடலை நோக்கி நீண்டது. அந்த நிழலை எனக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். காலண்டரில் அதே நிழல், அதே பக்கமாக விழுந்திருந்தது. தலையைத் தூக்கினேன். காலையில் வெள்ளையாகக் கொதித்த தண்ணீர் இப்போது நீலமாக, ஒவ்வொரு மடிப்பும் தனியாகத் தெரியும்படி...

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பிறகு வருகிறேன்.]

காரணம் எளிது. கிழக்குக் கரையில் காலைச் சூரியன் பார்ப்பவரின் கண்ணுக்கு எதிரே இருக்கும். பிற்பகலில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். வெளிச்சம் எதிரே இருந்தால் பொருள் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். இது புதிய விஷயமா? எங்கள் ஆய்வு அறைத் தாளில் நானே எழுதியது: 'விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும். கண்ணுக்கு எதிரே விளக்கு இருக்கக் கூடாது.' அரை அங்குல வளையத்தைப் பார்க்க நாராயணம்மாவுக்கு அவ்வளவு சரியாக விளக்கு வைத்துக் கொடுத்தேன். கடலைப் பார்க்க அனுப்பியபோது, வெளிச்சம் கூசும் நோயாளியை, சூரியனுக்கு எதிரே நிறுத்தினேன். முக்கியமான வேலையெல்லாம் முதல் ஷிப்டில் வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிற்பேட்டையின் பழக்கம். கடலையும் முதல் ஷிப்டில் போட்டுவிட்டேன்.

8

அடுத்த வெள்ளிக்கிழமை ஊத்தங்கரை வழியாகச் சிங்காரப்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

நாராயணம்மா வாசலில் உட்கார்ந்து, பன்னிரண்டாவது படிக்கும் மகள் காவியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். விரல்கள் தாமாகவே பின்னின. பின்னி முடித்ததும் மகளின் முகத்தைத் தன் பக்கமாகத் திருப்பி, நெற்றி, மூக்கு, வாய் என்று துண்டு துண்டாகப் பார்த்தார்.

"யாரது?"

"மூர்த்திம்மா."

"சாரா! நேரா வந்து நில்லுங்க சார். பக்கத்துல நின்னா நீங்க இல்லவே இல்ல."

நேராக வந்து நின்றேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "வெள்ளிக்கிழமை கோட்டை திறக்காதாம்மா" என்றேன்.

உள்ளேயிருந்து கங்கப்பன் சிரித்துக்கொண்டே வந்தார். "மாட்டிகினியா? நான் அப்பவே சொன்னேன், சாரு ஒரு நாளு போயி பாப்பாருன்னு."

"நீயும் சேந்துதான சொன்ன!" என்றார் நாராயணம்மா. என் பக்கம் திரும்பினார். "எவ்ளோ கஷ்டப்பட்டு எழுதிக் குடுத்தீங்க. அதுல ஒண்ணும் நடக்கலன்னு வந்து எப்பிடி சார் சொல்றது?"

"காலையில என்ன தெரிஞ்சுது?"

"வெள்ளையா இருந்திச்சு. வெல்டிங்க பாத்தாப்பல. அப்பறம் கொஞ்ச நேரம் அதுவும் இல்ல. இவரு கையப் புடிச்சிகினு மண்ணுலயே உக்காந்துட்டேன். சத்தம் கேட்டுச்சு. கால்ல தண்ணி பட்டுச்சு. உப்புதானான்னு நக்கிப் பாத்தேன். உப்புதான்."

"மத்தியானம் கண்ணு கொஞ்சம் தெளிஞ்சிச்சு சார்" என்றார் கங்கப்பன். "ஆனா வெயிலு. மண்ணே கூசுது. சாயங்காலம் வரைக்கும் இருந்து பாக்கலாம், ஒரு நாளு லீவு போட்டுக்கன்னு கெஞ்சினேன். சாரு தாள்ல மூணு மணின்னு போட்டுக்குது, சாரு காரணம் இல்லாம போடமாட்டாருன்னுட்டா."

என்னால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு முறை போகலாம், நானே கார் வைத்து அழைத்துப்போகிறேன், பிற்பகலில், விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி என்று வேகமாகச் சொன்னேன்.

"வேணாம் சார்." சட்டென்று சொன்னார். "இப்போ ஊசிக் காது அளவுதான் இருக்குது. அதுல போயி கடலப் பாத்தா என்னா தெரியும்? மறுபடியும் வெள்ளையா இருந்திச்சுன்னா தாங்க மாட்டேன். மிச்சம் இருக்கறதுக்கு வீட்லயே வேல இருக்குது." காவியா புத்தகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். நாராயணம்மாவின் தலை அந்தப் பக்கமாகத் திரும்பித் தேடி, தவறவிட்டு, மறுபடி கண்டுபிடித்தது.

பிறகு கேட்டார். "நீங்க பாத்தீங்களா சார், சாயங்காலம்?"

"பார்த்தேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

நான் உற்சாகமாகிவிட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. "அலையில தண்ணி நம்மகிட்ட ஓடி வர்ற மாதிரி தெரியும்மா, ஆனா தண்ணி வர்றதில்ல. தண்ணி இருந்த இடத்துலயே ஏறி எறங்குது. உருவம் மட்டும்தான் நகருது. கயித்த உதறினா மேடு ஓடுதில்ல, அந்த மாதிரி. கரைக்கு வந்ததும் ஆழம் கொறையும், கீழ இருக்கிற தண்ணி மண்ணுல தட்டி மெதுவாகும், மேல இருக்கிறது..."

பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மேல் தண்ணீர் குப்புற விழும் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அது எப்பிடி வேல செய்யுதுன்னு கேக்கல சார். எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டேன்."

வாயைத் திறந்தேன். "நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

"அத நானே சொல்லுவனே!" என்றார் கங்கப்பன்.

"எழுதி எடுத்துகினு வாங்க சார்" என்றார் நாராயணம்மா. "எழுதுனா உங்களுக்கு வரும்."

9

இப்படித்தான் தாள் கதையானது. எட்டாம் பகுதிவரை எழுதி, போனதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எடுத்துப்போய் வாசித்தேன். கங்கப்பன் ஐந்தாம் பகுதியில் குறுக்கிட்டார்: "இன்னா சார், என்னையக் குடிகாரன் ஆக்கிட்டீங்க? ஊருல படிச்சா பொண்ணு குடுப்பானா எவனாவது?"

"உனுக்கு எதுக்குயா இன்னொரு பொண்ணு?" என்றார் நாராயணம்மா. சிரித்தோம். எட்டாம் பகுதி முடிந்தது. தாளை மடித்தேன்.

"அப்பறம்?"

"அவ்வளவுதாம்மா எழுதியிருக்கேன்."

நாராயணம்மா விடவில்லை. "கத பூரா நீங்கதான் சார் இருக்கீங்க. தப்பு பண்ணிட்டேன், தப்பு பண்ணிட்டேன்னு. கடல் எங்க?"

மடித்த தாளை மறுபடி பிரித்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கண்ணு பூராப் போனப்பறம் நெறம் ஞாபகம் இருக்குமா?"

"எனக்குத் தெரியாதும்மா." அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இப்போ நீலம்னா எதுன்னு தெரியும். பச்சன்னா எதுன்னு தெரியும். நீங்க சொன்னா அத வெச்சி நான் பூசிக்குவேன். அப்பறம் சொன்னீங்கன்னா எத வெச்சிப் பூசறது?"

10

முடிவுகள்.

முதல் முடிவு: நாராயணம்மா அன்று மாலைவரை தங்கினார், கடலைப் பார்த்தார். எழுதலாம், கதைதானே. ஆனால் இதைக் கேட்கப்போகிறவர் அவர். கால்மேல் பட்ட தண்ணீரை நக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டவரிடம் அந்த முடிவை எடுத்துப்போக முடியாது.

இரண்டாவது முடிவு: காலண்டரைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பது. கொடுத்தும் பார்த்தேன். "இத பாத்தாச்சு சார்" என்று காவியாவிடம் நீட்டிவிட்டார்.

மூன்றாவது, அவர் கேட்டது. ஏழாம் பகுதியில் நான் முடிக்காமல் விட்ட வாக்கியம். அதை எழுத ஒன்பது நாளாக முயல்கிறேன்.

'கடல் நீலமாக இருந்தது. ஆழம் கூடக் கூட நீலம் அடர்வதற்குக் காரணம், தண்ணீர் சிவப்பு ஒளியை...' இல்லை.

'கரையோரம் பச்சை, நடுவில் நீலம், தொலைவில் ஒரு கருநீலக் கோடு. கோட்டுக்கு அப்பால் கடல் முடிந்துவிடுவதில்லை, பூமி வளைந்திருப்பதால்...' இல்லை.

'நாலாயிரத்து ஐந்நூறு வளையங்களை ஒரே மூச்சில் யாரோ மேசையில் கொட்டியதுபோல...' இது கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் அவர் பாவம், எட்டு நாள் கணக்காகத் தலை நிமிர்ந்து பார்த்ததே வளையங்களை மறக்கத்தான்.

'நான் அழுதேன்.' இது உண்மை. ஆனால் மறுபடியும் நான்தான். கடல் எங்கே?

என்னிடம் இதற்கு மேல் இல்லை. நான் அன்று அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து என் தவறு எப்படி நடந்தது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். கண்ணுக்கு நேரே கடல் இருந்தது. முழுதாக, இரண்டு ஓரங்களோடும்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். தரங்கம்பாடிக்குப் போகிறவராக இருந்தால், வெள்ளிக்கிழமை வேண்டாம். காலையிலேயே போனால் தெருவில் நடங்கள், சாப்பிடுங்கள், நிழலில் இருங்கள். நான்கு மணிக்குக் கோட்டைக்கு முன்னால், அதை முதுகுக்குப் பின்னால் விட்டு நில்லுங்கள். பாருங்கள். பிறகு ஒரே ஒரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். அதில் நிறம் இருக்க வேண்டும். உங்கள் பெயர் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். எடுத்துப்போய் வாசித்துக்காட்டுகிறேன். இந்தக் கதையின் கடைசி வரி அதுதான். அதற்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

'நேரம் கிடைக்கும்போது அனுப்பினால் போதும்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன்.